பாலும் முட்டையும் இல்லாத பிஸ்கட்: புகாரிலிருந்து ஒரு வழி

1. கப்பலில் வந்தது

சோழநாட்டுக் கடற்கரையில் ஐரோப்பியக் கப்பல்கள் நங்கூரம் போட ஆரம்பித்த காலத்தில், அந்தக் கப்பல்களின் அடித்தளத்தில் மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக பிஸ்கட் இருந்தது. அதில் வெண்ணெய் கிடையாது, பால் கிடையாது, முட்டையும் கிடையாது. கோதுமை மாவு, தண்ணீர், கொஞ்சம் உப்பு. பிசைந்து, தட்டி, சுட்டு, ஈரம் முழுக்கப் போகும்வரை மறுபடி உலர்த்தி எடுத்த சில்லு. லத்தீனில் 'இருமுறை சுட்டது' என்ற பொருள் வரும் சொல்லிலிருந்துதான் பிஸ்கட் என்ற பெயரே பிறந்தது.

ருசிக்காகச் செய்ததில்லை அது. கெடக் கூடாது என்பதற்காகச் செய்தது. கொழுப்பு இருந்தால் சிக்கு வாடை வரும், பால் இருந்தால் புளிக்கும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வருடக்கணக்கில் நிற்கும். பல்லில் கடித்தால் பல்தான் உடையும். கஞ்சியிலோ பீரிலோ ஊறவைத்துத்தான் சாப்பிடுவார்கள். வண்டு விழுந்தால் மேசையில் தட்டிவிட்டுத் தின்பார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடற்படையில் ஒரு மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கட் கணக்கு. அதாவது கிட்டத்தட்ட 450 கிராம்.

பூம்புகாரிலிருந்து தெற்கே கடற்கரையோடு போனால் தரங்கம்பாடி. 1618 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய டேனியக் கப்பல்கள் இலங்கையைத் தொட 1620 மே ஆகிவிட்டது. வழியில் செத்தவர்கள் ஏராளம். தளபதி ஓவ் கெட்டேவுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அதே 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆகி, தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கடிதம் தங்கத்தில் போனது. அதை ஏற்றிப்போன கப்பலின் ஆட்கள் தின்றது மாவும் தண்ணீரும்.

இன்றைக்கு நாம் 'வீகன் குக்கீ' என்று இன்ஸ்டாகிராமில் போடும் பொருளின் மூதாதை இதுதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சேர்மானப் பட்டியலை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் பட்டியலில் ஒன்று இல்லாமல் இருப்பதற்குக் காரணம் வேறு வேறாக இருக்கலாம். கெட்டுப்போகும் என்பதால் ஒருவர் பாலை விடுகிறார். வாங்க வழியில்லாததால் ஒருவர் விடுகிறார். தீட்டு என்பதால் ஒருவர் முட்டையை விடுகிறார். மாட்டுக்கு வலிக்கும் என்பதால் ஒருவர் விடுகிறார். நான்கு பேர் தட்டும் ஒரே மாதிரி இருக்கும். நான்கு பேரும் ஒன்றா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2. புகாரில் என்ன தின்றார்கள்

புகாரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பாட்டுகளில் பட்டினப்பாலை ஒரு விசேஷமான சாட்சி. அதில் கடற்கரைப் பரதவர் சுட்ட இறாலையும் வேகவைத்த வயல் ஆமையையும் தின்கிறார்கள். அதே பாட்டில், கொலையை வெறுத்து வாழும் குடிகளும் வருகிறார்கள். அவர்கள் இருக்கும் ஊரில் மீன்கள் வலைஞர் வீட்டு வாசலிலேயே பயமில்லாமல் துள்ளுகின்றன, விலங்குகள் இறைச்சி விற்பவர் குடிசைப் பக்கமே கூட்டமாகத் திரிகின்றன என்கிறார் புலவர். மிகைதான். ஆனால் ஒரே ஊருக்குள் ஆமை தின்பவரும் கொல்லாதவரும் அடுத்தடுத்த தெருவில் இருந்தார்கள், ரெண்டு பேரையும் ஒரே புலவர் பெருமையாகவே பாடினார் என்பது முக்கியம்.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்துக் கடைத்தெரு வருகிறது. அங்கே காழியர், கூவியர் என்று இரண்டு பெயர்கள். உரையாசிரியர்கள் முதலாமவரைப் பிட்டு விற்பவர் என்றும், இரண்டாமவரை அப்பம் விற்பவர் என்றும் விளக்குகிறார்கள். நம்ம ஊர்த் தின்பண்டத்தின் ரெண்டு பெரிய வழிகளும் அங்கேயே இருக்கின்றன: ஆவியில் வேகவைப்பது, எண்ணெயிலோ கல்லிலோ வேகவைப்பது. சுற்றி மூடிய சூட்டில் வேகும் அடுப்பு, அதாவது ஓவன், இந்தக் கதையில் இல்லை.

ஏன் இல்லை? அரிசி. கோதுமை மாவைப் பிசைந்தால் அதிலிருக்கும் புரதம் ரப்பர் மாதிரி வலையாகிக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். உலர் சூட்டில் ரொட்டி உப்பும். அரிசி மாவில் அந்த வலை உருவாகாது. அதற்கு ஈரச் சூடு வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் வேண்டும். காவிரி டெல்டாவின் சமையலறை இட்லிப்பானையையும் வாணலியையும் சுற்றியே வளர்ந்ததற்கு இந்த மாவுச் சங்கதி ஒரு காரணம்.

அதனால் நம்மிடம் பிஸ்கட் இல்லை என்று ஆகிவிடாது. பொருள்விளங்கா உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வறுத்த அரிசி, பயறு, பொட்டுக்கடலை, சுக்கு, ஏலக்காய், வெல்லப் பாகு. பாகு சூடாக இருக்கும்போதே கை பொறுக்கப் பொறுக்கப் பிடிக்க வேண்டும். ஆறினால் கல். வாரக்கணக்கில் கெடாது. கப்பல் பிஸ்கட்டுக்கு அண்ணன் என்றே சொல்லலாம், கொஞ்சம் இனிப்பான அண்ணன். எண்ணெயில் சுட்ட அதிரசம், கமர்கட்டு, கடலை மிட்டாய், நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்து, கீழக்கரையின் தொதல்: பலவற்றில் நெய் தடவுவது விருப்பம்தான், அதை விட்டால் மாட்டுச் சம்பந்தம் ஒன்றுமே இல்லை. வீகன் பலகாரம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

3. பசு வளர்த்த பிள்ளை

கொல்லாமை பேசிய புகார்க் காப்பியங்கள் பாலைப் பற்றி என்ன நினைத்தன? இங்கேதான் கதை திருப்பம் எடுக்கிறது.

கண்ணகி கோவலனுக்குச் சமைத்த கடைசிச் சாப்பாடு மதுரைக்கு வெளியே, ஆயர்சேரியில், மாதரி வீட்டில். இவர்கள் சமண விரதக்காரர்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று தெரிந்து மாதரி புதுப் பாத்திரமும் காய்கனிகளும் அரிசியும் தருகிறாள். கூடவே பாலும் பால் பொருளும். இடையர் குடியில் அது இல்லாமலா? உயிர் கொல்லாத சாப்பாடு என்பதன் உச்ச வடிவத்தில் பாலுக்குக் கௌரவமான இடம் இருக்கிறது. யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை.

மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அமுதசுரபிக்கு முதல் சொந்தக்காரன் ஆபுத்திரன். காசியிலிருந்து வந்த சாலி என்ற பெண் பெற்று, ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டுப் போன குழந்தை. ஒரு பசு அதை நக்கிக் கொடுத்து, ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றியது. இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்க்கிறார். வளர்ந்த பையன் ஒருநாள் வேள்விச்சாலையில் கொம்பில் மாலை சுற்றிக் கட்டியிருக்கும் பசுவைப் பார்க்கிறான். ராத்திரியோடு ராத்திரியாக அதை ஓட்டிக்கொண்டு போகிறான். பிடிபட்டு அடி வாங்கும்போது அவன் வைக்கும் வாதம் எளிமையானது: இந்த உயிர் பிறந்த நாள் தொட்டு மனுசங்களுக்குப் பால் கொடுக்கிறது, இதன் மேல் உங்களுக்கு என்ன பகை?

பதிலுக்கு அவர்கள் அவன் பிறப்பை இழுக்கிறார்கள். ஆவின் மகன் என்று ஏசுகிறார்கள். ஊர் அவனைத் தள்ளிவைக்கிறது, பிச்சைப் பாத்திரத்தில் கல் போடுகிறது. அவன் மதுரைக்குப் போய், கண் தெரியாதவர், கால் நடக்காதவர், ஆதரவில்லாதவர் எல்லோருக்கும் பிச்சைச் சோற்றைப் பகிர்ந்துவிட்டு மிச்சத்தைத் தின்கிறான். அப்படிப்பட்டவன் கைக்குத்தான் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைத் தருகிறாள். பல காலம் கழித்து அது மணிபல்லவத்தில், பசு முகம் என்று பொருள்படும் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலை கைக்கு வந்து, புகாருக்குத் திரும்புகிறது.

ஆபுத்திரனின் வாதத்தை ஒரு வீகன் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் பாதிக்குக் கைதட்டுவார். ரெண்டாம் பாதியில் நிறுத்துவார். "பால் கொடுக்குது, அதனால கொல்லாதேன்னா, பால் வத்திப்போனா? கன்னு காளையாப் பிறந்தா?" நியாயமான கேள்வி. ஆபுத்திரனின் அறம் நன்றியில் நிற்கிறது: நமக்குக் கொடுத்ததற்கு நாம் திருப்பிச் செய்வது. வீகன் அறம் அந்தக் கொடுக்கல் வாங்கலையே சந்தேகிக்கிறது: அது கொடுக்கவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம் என்கிறது. இரண்டும் ஒரே பசுவைக் காப்பாற்றத்தான் கிளம்புகின்றன. பாதை வேறு.

ஆனால் அந்தக் கதையில் எனக்கு இன்னொரு விஷயம்தான் பெரிதாகத் தெரிகிறது. பசுவுக்காகப் பேசியவனை ஊர் மடக்கியது தர்க்கத்தால் இல்லை. "நீ யாருக்குப் பிறந்தவன்?" என்ற கேள்வியால். பசுவைப் பற்றிய விவாதம் மனிதனின் பிறப்பைப் பற்றிய விவாதமாக மாற அரை நிமிடம்கூட ஆகவில்லை. அது இன்னும் மாறவில்லை.

4. 1944

வீகன் என்ற சொல்லுக்குப் பிறந்த வருடம் உண்டு. 1944 நவம்பர், இங்கிலாந்து. டொனால்டு வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் சில நண்பர்களும் பாலும் முட்டையும் தொடாத சைவர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி வீகன் என்று பெயர் வைத்தார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே பால், முட்டை எல்லாமே ரேஷன். அந்த நேரத்தில் அதையும் வேண்டாம் என்று சொன்னது ஒரு சின்னக் கூட்டம்.

அதே 1944-ல் தஞ்சை மாவட்டத்தில் இன்னொரு விஷயம் நடந்தது. பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும், மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவதும் டெல்டாவின் பண்ணைகளில் வழக்கமான தண்டனைகள். அந்தக் கரைசலுக்கு ஊரார் வைத்த பெயர் சாணிப்பால். பி. சீனிவாசராவ் முதலானவர்கள் கட்டிய விவசாயச் சங்கத்தின் போராட்டத்துக்குப் பிறகு, 1944-ல் மன்னார்குடி வட்டாரத்தில் ஏற்பட்ட ஒப்பந்தங்கள்தான் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எழுத்தில் முற்றுப்புள்ளி வைத்தன.

ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரே காலண்டரில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உலகின் ஒரு மூலையில் மாட்டின் பாலைக் குடிக்க மாட்டோம் என்று சிலர் தாமாகவே முடிவெடுக்கிறார்கள். இன்னொரு மூலையில், மாட்டின் சாணத்தைக் குடிக்கச் சொல்ல இனி யாருக்கும் உரிமை இல்லை என்று சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். பசுவைத் தாயென்று கும்பிட்ட அதே நிலத்தில்.

ஒரு மாலை நண்பர்கள் கூடியிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. பால் என்பது வன்முறை என்று ஒரு தோழி விளக்கிக்கொண்டிருந்தாள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த நண்பன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "எங்க பாட்டி காலத்துல எங்க தெருவுல பால் குடிச்சது கன்னுக்குட்டி மட்டும்தான். மாடு பண்ணையோடது, பாலும் பண்ணையோடது. நாங்க வீகன் இல்ல. எங்களுக்குக் கெடைக்கல." அப்புறம் சிரித்துக்கொண்டே, "நண்டு கெடைச்சுது, நத்தை கெடைச்சுது. அதை விட்டுட்டீங்க" என்றான்.

அந்த வாக்கியத்தை ஒதுக்கிவிட்டு இந்த விஷயத்தை எழுதினால் வரலாறு ஆகாது. நம் முன்னோர் எல்லோரும் இயற்கையாகவே வீகன் என்று சிலர் உருகுவதைக் கேட்டிருப்பீர்கள். வயலில் இறங்கி வேலை செய்தவர்களின் தட்டில் பால் அபூர்வம். நண்டும் நத்தையும் மீனும் அங்கே புரதம். 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சியும், பின்னால் வந்த ஆவினும்தான் பாக்கெட் பாலை எல்லாத் தெருவுக்கும் கொண்டுவந்தன. ரெண்டு தலைமுறைக்கு முன்னால் மறுக்கப்பட்டதை, இப்போதுதான் கைக்கு வந்ததை, விடு என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் கூச்சம் இருக்க வேண்டும். சொல்லவே கூடாது என்றில்லை.

5. யார் சுட்டது?

இந்தியாவில் பிஸ்கட் பிரபலமானபோது அதைச் சுற்றி வந்த முதல் கேள்வி "இதில் என்ன இருக்கிறது?" அல்ல. "இதை யார் சுட்டது?"

வங்காளத்தில் ராஜ்நாராயண் பாசு 1846-ல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்த நாளை பிஸ்கட் தின்று, ஷெர்ரி குடித்துக் கொண்டாடினார். சாதிக் கட்டுப்பாட்டை உதறினேன் என்பதற்கு அது அடையாளம். அந்நியர் கை பட்ட, முட்டை கலந்திருக்கக்கூடிய பண்டம் அல்லவா? பிஸ்கட்டைக் கடிப்பது ஒரு பிரகடனமாக இருந்த காலம்.

சந்தை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 1898-ல் டெல்லியில் இந்து பிஸ்கட் கம்பெனி தொடங்கியது. உயர்சாதி இந்துக்களே சுடுகிறார்கள் என்பதுதான் அதன் விளம்பரம். இதற்குப் பக்கத்திலேயே எதிர்த்திசையில் ஒரு கதை: தலச்சேரியில் மம்பள்ளி பாபு, பர்மாவில் தொழில் கற்றுத் திரும்பி, 1880-ல் பிஸ்கட் ஆலை போட்டார். 1883-ல் ஆங்கிலேயத் தோட்டக்காரர் ஒருவருக்காக கேக் செய்தபோது, உள்ளூர் மதுவைப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். ஒருவர் பிஸ்கட்டைச் சாதிக்குள் இழுத்தார். இன்னொருவர் ஊருக்குள் இழுத்தார்.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் சோற்றுப் பந்தியில் வெடித்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனிச் சாப்பாடு என்ற விஷயம் 1924, 1925-ல் தமிழகக் காங்கிரசையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் நாள் கணக்கில் மறியல் செய்தார்கள். சாப்பாட்டு இலை எங்கே விரிக்கப்படுகிறது என்பது இங்கே எப்போதும் அரசியல்தான்.

'சைவம்' என்ற சொல்லையே பாருங்கள். ஒரு சமயத்தின் பெயர், மரக்கறிச் சாப்பாட்டுக்கும் பெயராகிவிட்டது. அதனால் "நான் சைவம்" என்றால், கேட்பவர் காதில் உணவு மட்டும் விழுவதில்லை. வீகனுக்குத் தமிழில் 'நனிசைவம்' என்று ஒரு சொல் புழங்குகிறது. மிகுந்த சைவம். அழகான சொல்தான், ஆனால் எனக்கு அதில் ஒரு சங்கடம். சைவத்தின் உச்சிக்கு மேல் இன்னொரு மாடி கட்டியது போல ஒலிக்கிறது. வீகன் என்பது ஏணியில் மேல் படி ஆகிவிட்டால், கீழ்ப்படியில் யாரை நிறுத்துகிறோம் என்று நமக்கு நன்றாகவே தெரியும். அதனால் நான் வீகன் என்றே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் செய்து ஒட்டிய சொல். நம்ம ஊர்ச் சாதி வரலாறு அதில் இன்னும் ஒட்டவில்லை.

சட்டமும் இந்தக் கோட்டை மெல்லத்தான் பிரித்தது. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி 2001-ல் வந்தது. அந்தப் பச்சைக்குள் பால் உண்டு. வீகன் பொருளுக்கென்று தனி முத்திரையை உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டது 2021-ல். அதற்கான விதிமுறை 2022-ல்.

6. டீக்கடை பாட்டில்

இதற்கெல்லாம் நடுவே, ஒரு பிஸ்கட் யாரையும் கேட்காமல் வீகன் ஆகிவிட்டது. டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் பட்டர் பிஸ்கட்தான்.

பெயரில் பட்டர். உள்ளே பெரும்பாலும் மைதா, சர்க்கரை, வனஸ்பதி. 1937-ல் டால்டா சந்தைக்கு வந்தபோது, நெய் மாதிரியே உறைந்து, நெய்யை விட மலிவாக இருந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கிய கொழுப்பு. நெய்யோடு கலப்படம் செய்கிறார்கள், தடை செய்ய வேண்டும், நிறமாவது ஏற்ற வேண்டும் என்று வருடக்கணக்கில் சண்டை. நடுவில் பேக்கரிக்காரர்கள் சத்தமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டுபடியானது, வெயிலில் உருகி ஓடாது, பிஸ்கட் மொறுமொறுவென்று வரும்.

விளைவு? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த எல்லோரும், யார் சுட்டது, என்ன சாதி என்று கேட்காமல், ஒரே பாட்டிலுக்குள் கையை விட்டார்கள். (எல்லா ஊர் டீக்கடையிலும் இல்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளும் இதே தமிழ்நாட்டில்தான்.) அறத்துக்காக இல்லாமல் செலவுக்காகப் பாலை விட்ட பிஸ்கட் அது. ஆனால் உடம்புக்கு நல்லதா என்றால், வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு. 2022 ஜனவரி முதல்தான் இந்தியாவில் அதன் அளவு எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி. வீகன் என்றால் ஆரோக்கியம் என்று நினைப்பவர்களுக்கு இந்த பாட்டிலைக் காட்டலாம்.

7. வீட்டு அடுப்பில்

சரி, நண்பர்களுக்கு வீட்டில் எப்படிச் செய்வது? எங்கள் கூட்டத்தில் ஒருத்தி வீகன், ஒருவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, ஒருத்தர் வீட்டில் முட்டை தொட மாட்டார்கள், மற்றவர்கள் எதையும் விடமாட்டார்கள். ஒரே தட்டில் எல்லோரும் கை வைக்க வேண்டும் என்றால், பிரச்சினை ஒரு இன்ஜினியரிங் கேள்வியாகிவிடுகிறது: பாலும் வெண்ணெயும் முட்டையும் குக்கீயில் என்ன வேலை பார்க்கின்றன? அந்த வேலையை வேறு யார் பார்ப்பார்கள்?

வெண்ணெயின் வேலை, மாவின் புரத வலை நீளாமல் தடுப்பது. அப்போதுதான் குக்கீ ரொட்டி மாதிரி இழுபடாமல் பொலபொலவென்று உடையும். இதைத் தேங்காய் எண்ணெய் செய்யும். ஆனால் அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசில் உருகிவிடும். நம்ம ஊரில் மே மாதம் அது எப்போதும் திரவம்தான். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, வெண்ணெய்ப் பதத்துக்கு வந்ததும் எடுங்கள். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். எண்ணெயில் அது இல்லை. ஆக 100 கிராம் வெண்ணெய் கேட்கும் குறிப்புக்கு 80 கிராம் எண்ணெய் போதும்.

முட்டையின் வேலை ஒட்டவைப்பது. சாதா குக்கீக்கு மூன்று ஸ்பூன் கெட்டித் தேங்காய்ப் பாலே போதும். முட்டையின் வெள்ளை நுரைதான் உயிர் என்றிருக்கும் தூத்துக்குடி மக்ரூன் மாதிரி பண்டத்துக்குத்தான் சிக்கல். அதற்கும் பதில் வந்துவிட்டது: கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். அதை அடித்தால் முட்டை வெள்ளை மாதிரியே நுரைக்கும் என்று 2014-ல் ஜோயல் ரோசல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். சுண்டல் செய்துவிட்டு நாம் கொட்டுகிற தண்ணீர்!

அளவு இது: கோதுமை மாவு 150 கிராம், லேசாக வறுத்த அரிசி மாவு 50 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், தேங்காய் எண்ணெய் 80 கிராம், தேங்காய்ப் பால் 3 மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், சுக்குப் பொடி, உடைத்த முந்திரி. எண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகத் தேய்த்துக் குழைத்து, பாலைச் சேர்த்து, மாவைக் கடைசியில் போட்டு, பிசையாமல் சேர்த்துப் பிடியுங்கள். பிசைந்தால் புரத வலை வந்துவிடும். உருட்டித் தட்டி, 170 டிகிரி ஓவனில் 12 முதல் 14 நிமிடம். அரிசி மாவு மொறுமொறுப்புக்கு. டெல்டாவுக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமே.

ஓவன் இல்லையா? குக்கரின் அடியில் ஒரு கப் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் சூடேற்றி, ஸ்டாண்டு வைத்து அதன் மேல் தட்டை வையுங்கள். சின்னத் தீயில் 20 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே வைக்காதீர்கள். ஆறினால்தான் இறுகும். பொருள்விளங்கா உருண்டை மாதிரியேதான். கூடக் குடிக்க கருப்பட்டி போட்ட வரக்காப்பி.

8. முதல் பிடி

புகாரை ஒருநாள் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. இப்போது அங்கே போனால் கீழையூரில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறை இருக்கிறது, பல்லவனேச்சரத்தில் புத்த விகாரையின் அடித்தளம் இருக்கிறது. பிட்டு விற்றவர்களின் தெரு எதுவென்று காட்ட யாராலும் முடியாது.

அமுதசுரபி ஊருக்கு வந்தபோது நடந்ததாகக் காப்பியம் சொல்லும் ஒரு விவரம் உண்டு. பாத்திரம் மணிமேகலை கையில் இருக்கிறது, அள்ள அள்ளக் குறையாது, ஆனால் வெறும் பாத்திரமாக இருக்கும்போது அதிலிருந்து ஒன்றும் வராது. யாராவது ஒருவர் முதல் பிடி சோற்றை இட வேண்டும். ஆதிரை இடுகிறாள். அதற்கப்புறம்தான் தீராத பசி நோயில் கிடந்த காயசண்டிகை முதல் எல்லோருக்கும் சோறு. வாங்கியவர்களிடம் யாரும் குலம் கேட்டதாக இல்லை. ஆபுத்திரனிடம் ஊர் கேட்ட கேள்வியை அவன் பாத்திரம் யாரிடமும் கேட்கவில்லை.

பால் குடிப்பதா வேண்டாமா என்பதில் எங்கள் கூட்டம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, வரவும் போவதில்லை. தோழி அவள் கட்சியில் இருக்கிறாள். மன்னார்குடி நண்பன் டிகிரி காப்பியை விடுவதாக இல்லை. மூன்று தலைமுறை பாக்கி வசூல் என்கிறான். சண்டை நடக்கும்போது நடுவில் இருக்கும் தட்டிலிருந்து ரெண்டு பேரும் எடுக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இருபது குக்கீ வரும் மேலே சொன்ன அளவுக்கு. ஐந்து பேருக்கு மேல் வந்தால் ரெட்டிப்பாகப் பண்ணுங்கள். கூப்பிடும்போதே யார் யாருக்கு எது ஆகாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் ஆகாது என்று கேட்க வேண்டியதில்லை, அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.